கேஷ்னா ‘தற்காலிக நினைவகம்’ இல்ல, கையிருப்பு

சமூக மன்றத்து கணினி வகுப்புக்குன்னு தயார் பண்ண தமிழ்க் குறிப்புல ‘கிளியர் கேஷ்’ங்கிறதுக்கு மறுபடியும் அதே வரி: “தற்காலிக நினைவகத்தை அழிக்கவும்.” ஃபெடோரா லினக்ஸ்ல மென்பொருளை இறக்கி நிறுவுற டிஎன்எஃப் கட்டளை ஒரு தடவை ஒரு பதிலும் அடுத்த தடவை வேற பதிலும் சொன்னா என்ன செய்யணும்னு விளக்குற இடம் அது. படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? நினைவகம்னா ரேம், தற்காலிகம்னா மிஷினை ஆஃப் பண்ணா போயிடும், அப்ப ரீஸ்டார்ட் பண்ணா போதும்னு தானே. போதாது. டிஎன்எஃப்போட கேஷ் டிஸ்க்ல கோப்பா கிடக்குது, ரீஸ்டார்ட் பண்ணாலும் அங்கயே தான் இருக்கும்.

பிரெஞ்சுல ‘காஷே’ன்னா ஒளிச்சு வைக்கிறது. வட அமெரிக்கால தோல் வேட்டைக்காரங்க சாமானை ஒளிச்சு வச்ச இடத்துக்கு இந்தப் பேர் இருந்துச்சு, அப்புறம் 1968ல ஐபிஎம் அறிவிச்ச சிஸ்டம்/360 மாடல் 85ல பிராசஸருக்குப் பக்கத்துல இருந்த வேகமான சின்ன மெமரிக்கு வந்துச்சு. அங்க அது நெசமாவே நினைவகம். டிஸ்க்ல இருக்கிறதுக்கும் அதே பேரை ஒட்டுனதுதான் கோளாறு.

தனித்தமிழ் பாக்குறவங்க ‘பதுக்ககம்’னு சொல்றாங்க, மூலச்சொல்லுக்கு கிட்ட வருதாம். வரட்டும், ஆனா தமிழ்ல பதுக்கல்னா அரிசியைப் பதுக்கி விலையேத்துறவன் தான் ஞாபகத்துக்கு வர்றான், அதோட கேஷ் எதையும் ஒளிக்கிறதே இல்ல, தூரத்துல இருக்கிற ரெப்போவோட, அதாவது மென்பொருள் கிடங்கோட, பட்டியலை நகல் எடுத்து கைக்கு எட்டுற தூரத்துல வைக்குது, அவ்ளோதான். மூலச்சொல்லோட பழைய வேலையைப் பாத்துட்டு இப்ப அது செய்யற வேலையைப் பாக்காம விட்டா எப்படி? சரி, கேஷ்னே எழுதிடலாம்னா தமிழ் எழுத்துல காசும் கேஷ் தான்.

என் சொல் கையிருப்பு. சிங்கப்பூர் தேக்கா சந்தையில கடைக்காரர் “கையிருப்பு இல்லை”ன்னா சரக்கு ஊர்லயே இல்லைன்னு யாரும் நினைக்க மாட்டாங்க, பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில இருக்கும், இங்க இன்னும் வரலை. டிஎன்எஃப் கதையும் இதேதான். சுடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோட, ஓட்டுனா ஒரு கையிருப்பு, போடாம ஓட்டுனா அந்தப் பயனருக்குன்னு தனியா இன்னொண்ணு, ரெண்டும் வேற வேற நேரத்துல எடுத்த நகல், அதனாலதான் ஒரே மிஷின்ல ரெண்டு பதில். கான்ஃபிக்லயோ ரெப்போ கோப்புலயோ வேற நேரம் குறிக்கலைன்னா 48 மணி நேரம் வரைக்கும் பழைய பட்டியலையே நம்பும். ‘--ரெஃப்ரெஷ்’ போட்டா உடனே சரிபாக்கும். “உங்க கையிருப்பு பழசு”ன்னு ஒரு வரி எழுதியிருந்தா அந்த வகுப்புல இருக்கிற தாத்தா பாட்டிக்குக் கூட புரிஞ்சிருக்கும். கணக்குல காசுக்கும் கையிருப்புன்னு சொல்வாங்களேன்னு கேப்பாங்க, அங்க ‘ரொக்கக் கையிருப்பு’ன்னு பிரிச்சே எழுதலாம்.

மொழிபெயர்க்கிறவங்க டெர்மினலைத் திறந்து ஒரு தடவையாவது ஓட்டிப் பாக்கணும். அதே குறிப்புல கேஷ் ஒரு பக்கம் ‘தற்காலிக நினைவகம்’, அடுத்த பக்கம் ‘தற்காலிகக் கோப்புகள்’, அதுக்கும் அடுத்து ‘இடையகம்’. தற்காலிகக் கோப்புன்னா டெம்ப் ஃபோல்டர்ல கிடக்கிறது, இடையகம்னா பஃபர், தரவு ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குப் போறப்ப கொஞ்ச நேரம் தங்குற இடம், மூணும் மூணு விஷயம்! டெபியன், உபுண்டுல டிஎன்எஃப்போட வேலையைச் செய்யற ஆப்ட் பயன்படுத்துறவங்களுக்கு இன்னும் மோசம், ‘ஆப்ட் கிளீன்’ இறக்கி வச்ச பேக்கேஜ் கோப்புகளைத் தான் அழிக்கும், பட்டியலைத் தொடாது, அதைப் புதுப்பிக்க ‘ஆப்ட் அப்டேட்’ வேணும். இதுல எதை அழிக்கச் சொல்றீங்கன்னு குறிப்பே சொல்லணும்.

தேடுனது கேஷ்ல கிடைச்சா அந்தக் கேஷ் ஹிட்டுக்கு ‘கையிருப்பில் உண்டு’, கிடைக்கலைன்னா அந்தக் கேஷ் மிஸ்ஸுக்கு ‘கையிருப்பில் இல்லை’, பிராசஸர்ல இருக்கிறதுக்கு மட்டும் ‘கையிருப்பு நினைவகம்’.