கல்யாண ஆல்பமும் சிவப்புப் பிறப்புப் பத்திரமும்

போன வாரம் பினாங்கு மாநிலத்தின் பிறை ஊரிலிருந்து, பேரனின் குடியுரிமைக்கு உதவி கேட்டு ஒரு பாட்டி வந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தார். ஐயர், அக்கினி, அட்சதை போடும் சொந்தக்காரர்கள் என எல்லாம் இருந்தது. "இதைவிட என்னம்மா அத்தாட்சி வேணும்?" என்றார். ஆல்பத்துக்கு அடியில் பேரனின் பிறப்புப் பத்திரம். சிவப்பு நிறம், 'புக்கான் வார்காநெகாரா', அதாவது குடிமகன் அல்ல என்று மலாயில் போட்டிருக்கிறது. பையன் பட்டர்வொர்த்தில் பிறந்தவன். அப்பா மலேசியர், சிங்கப்பூரில் வேலை. அம்மா புதுக்கோட்டைப் பக்கம். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இந்த மாதிரி ஆல்பங்களை எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மலேசியாவில் கோயிலில் தாலி கட்டியதால் மட்டும் சட்டப்படி கல்யாணம் ஆகிவிடாது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவாக வேண்டும் என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சில கோயில்களில் துணைப் பதிவதிகாரி இருப்பார். அவர் முன் கையெழுத்துப் போட்டீர்களா என்பதுதான் கேள்வி. ஐயர் மந்திரம் சொன்னதைப் பதிவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பதிவு இல்லையென்றால், அரசியலமைப்பின்படி குழந்தைக்குத் தாயின் குடியுரிமைதான் பார்க்கப்படும். பத்திரத்தில் அப்பா பெயர் இருந்தாலும் அப்படித்தான். "டி.என்.ஏ. எடுத்துக் காட்டட்டுமா?" என்று கேட்பார்கள். ஐயா, அவர்தான் அப்பா என்பதை யாரும் மறுக்கவில்லை. பிள்ளை பிறந்த அன்று கல்யாணம் பதிவாகியிருந்ததா என்றுதான் கேட்கிறார்கள்.

"சரி, இப்போ போய்ப் பதிஞ்சிட்டாப் போச்சு." எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில் 2021இல் முடிவு சொன்னது. மலேசிய அப்பா, பிலிப்பீன்ஸ் அம்மா. பிள்ளை பிறந்த பிறகு பதிவு செய்தார்கள். பிள்ளை குடிமகன் அல்ல என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு. பிறந்த நேரத்து நிலைதான் கணக்கு. மீதமிருப்பது அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் குடியுரிமை கேட்டு உள்துறை அமைச்சுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான். 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தைக் காட்டி நம்பிக்கையோடு வருகிறவர்களும் உண்டு. அது வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்களுக்கானது.

இந்தியப் பக்கமும் கதவு திறந்தே கிடக்காது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். அதற்குப் போகலாமா, போனால் இங்கே போட்ட மனு என்னாகும் என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள், காப்பிக்கடை மாமாவிடம் வேண்டாம்.

உதவி செய்யும் எங்கள் பாடு தனி. சிங்கப்பூரிலிருக்கும் அப்பாவை ஞாயிற்றுக்கிழமை போனில்தான் பிடிக்க வேண்டும். பையனின் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டால், முதலில் மாமியாரைப் பார்க்கிறாள். அப்புறம்தான் பதில். பாட்டியைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டுக் கேட்டேன், பாஸ்போர்ட் எங்கே? "அத்தை அலமாரியில." மனைவி என்ற விசாவுக்கு மனுச் செய்யவே பதிவுச் சான்று கேட்பார்கள். அது இல்லாததால் அவள் விசா எப்போதோ முடிந்துவிட்டது. கிளினிக்குக்குப் போகவும் பயம். இந்த வீட்டில் அடிதடி இல்லை. இருக்கிற வீடுகளிலும் இதே பயம்தான் வாயைக் கட்டிப்போடுகிறது.

மாமியார்மார்களே, அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிரியத்தோடு பூட்டி வைத்தாலும் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். இன்றே எடுத்துக் கொடுங்கள்.

கல்யாணம் பேசும்போதே பெண்ணுக்குத் திருமணமாகவில்லை என்ற சான்றிதழை இந்தியாவிலிருந்து வாங்குங்கள். முதலில் பதிவு இலாகா, பிறகு மண்டபம். இந்தியாவில் கட்டினால் ஆறு மாதத்துக்குள் மலேசியத் தூதரகத்தில் பதியுங்கள். பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிவு. தயவுசெய்து, குடியுரிமைக்காக வீட்டிலுள்ள மலேசிய அக்காவைத் தாய் என்று காட்டிப் பதியாதீர்கள். அது பொய்ப் பதிவு. பிடிபட்டால் வழக்கு, பிள்ளைக்கும் சிக்கல். அடி விழுகிற வீடாக இருந்தால் 15999, அரசின் 'தாலியான் காசே' உதவித் தொலைபேசி எண். விசா இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள்.

பேரனுக்கு ஐந்து வயது. மனு எழுதத் தொடங்கியிருக்கிறோம். போகும்போது பாட்டி ஆல்பத்திலிருந்து இரண்டு படங்களை உரித்துக் கொடுத்து, "இதையும் வச்சுடும்மா" என்றார். கோப்பில் வைத்திருக்கிறேன்.