வெப் பக்கத்தைப் படம் பிடிக்க எதையும் டவுன்லோடு செய்யாதீர்கள்

இந்த முறை ஒரு ஆடிட்டர் ஆபீஸ். குரோமைத் திறந்தால் கூகுளுக்குப் பதிலாகப் பெயர் தெரியாத ஏதோ தேடல் பக்கம் வருகிறது, மூலையில் வைரஸ் எச்சரிக்கை என்று விளம்பரம் குதிக்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள். கண்ட்ரோல் பேனலில் நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தினேன், காரணம் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு வெப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே படமாக எடுத்துத் தரும் குட்டி மென்பொருள், கூடவே அதே நாளில் ஏறிய இன்னும் சில வேண்டாத பெயர்கள். ஜிஎஸ்டி தளத்தில் இருந்த நீளமான பக்கத்தை அங்கே வேலை பார்க்கும் பையன் கிளையண்டுக்கு அனுப்ப வேண்டியிருந்ததாம்.

அந்தப் பையனைத் திட்டிப் பயனில்லை. விண்டோஸின் ஸ்னிப்பிங் டூல் திரையில் தெரிவதை மட்டும்தான் பிடிக்கும், பக்கத்தைக் கீழே உருட்டாது. அதனால் தேடுகிறார்கள், முதலில் வரும் விளம்பர இணைப்பை அமுக்குகிறார்கள், அங்கே இருக்கும் பச்சை டவுன்லோடு பட்டன்களில் எது அசல் என்று எனக்கே நின்று பார்க்க வேண்டியிருக்கும். அப்புறம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்.

எனக்கு எரிச்சல் வருவது அடுத்த கேள்வியில்தான்: "படம்தானே சார் எடுக்குது, அதுல என்ன ஆயிடப் போகுது?"

படம் எடுக்க வேண்டுமென்றால் அது பக்கத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் லாகின் செய்து உட்கார்ந்திருக்கும் பக்கத்தை, நீங்கள் இன்னும் உருட்டிப் பார்க்காத அடிப்பகுதி வரைக்கும். பிரவுசரில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷனாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இப்படிப்பட்ட பலவற்றை நிறுவும்போது, எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும் இதற்கு முடியும் என்று குரோமே ஒரு பெட்டியில் சொல்கிறது, யாரும் படிப்பதில்லை. எல்லாத் தளங்களிலும் என்றால் பேங்க், மெயில், வருமான வரித் தளம் எல்லாமும்தான், அதுவும் நீங்கள் கேமரா பட்டனை அமுக்காத நேரத்திலும். நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. 'வெப்பேஜ் ஸ்கிரீன்ஷாட்' என்ற குரோம் எக்ஸ்டென்ஷனை 12 லட்சம் தடவைக்கு மேல் டவுன்லோடு செய்திருந்தார்கள், பயன்படுத்துகிறவர்களின் பிரவுசிங் விவரங்களை அது வெளியே அனுப்புவது 2015-இல் தெரியவந்தபின் கூகுள் அதைத் தூக்கியது. அதுவும் படம்தான் எடுத்துக்கொண்டிருந்தது.

இன்னொன்று, எடுத்த படத்தை நெட்டில் ஏற்றி லிங்க் தரும் வசதி. லிங்க் நமக்கு மட்டும்தானே தெரியும் என்கிறார்கள். லைட்ஷாட் என்ற ஸ்கிரீன்ஷாட் மென்பொருள் தந்த முகவரிகளின் கடைசியில் வெகுகாலம் ஆறே ஆறு எழுத்தும் எண்ணும்தான் இருந்தன, அதில் ஒன்றை மாற்றிப் போட்டால் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் படம் திறந்தது. பேன் நம்பரோடு ஒரு பக்கத்தை அப்படி ஏற்றுவதும் தெருமுனையில் ஒட்டுவதும் ஒன்றுதான்.

சரி, வேலை ஆக வேண்டுமே. ஃபயர்பாக்ஸில் பக்கத்தின் மேல் ரைட் கிளிக், 'டேக் ஸ்கிரீன்ஷாட்', 'சேவ் ஃபுல் பேஜ்', முடிந்தது. எட்ஜில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் முழுப் பக்கத்துக்கான வசதி அங்கேயே இருக்கிறது. குரோமில் கொஞ்சம் சுற்றுவழி: எஃப்12, அப்புறம் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் ஸ்கிரீன்ஷாட் என்று அடித்தால் 'கேப்ச்சர் ஃபுல் சைஸ் ஸ்கிரீன்ஷாட்' காட்டும். எடுப்பதற்கு முன் ஒருமுறை கடைசிவரை உருட்டிவிட்டு மேலே வாருங்கள், இல்லையென்றால் நிறையத் தளங்களில் கீழே இருக்கும் படங்கள் வெள்ளையாகவே விழும். ரொம்ப நீளமான பக்கமென்றால், 16,384 பிக்ஸலைத் தாண்டியதும் குரோம் எடுத்த படத்தில் மேலே வந்ததே திரும்ப வரக்கூடும், கடைசிவரை பார்த்துவிட்டு அனுப்புங்கள். உண்மையில் ஆடிட்டர் ஆபீஸுக்குப் பாதி நேரம் படமே தேவையில்லை, கண்ட்ரோல் பி அடித்து பிடிஎஃபாகச் சேமித்தால் போதும், எழுத்தைத் தேடவும் முடியும்.

இல்லை, தினமும் இதே வேலை, தனி மென்பொருள் வேண்டும் என்றால் ஷேர்எக்ஸ் இலவசம், அதன் மூல நிரலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள், படம் எடுத்ததும் அப்லோடு ஆகும் டிக் விழுந்திருக்கிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள்.

ஏற்கெனவே எக்ஸ்டென்ஷன் போட்டவர்கள் இன்றைக்கே நீக்குங்கள். நீக்கிய பிறகு பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், அதற்கு முன்னால் மாற்றினால் புதியதும் அந்த எக்ஸ்டென்ஷனுக்குத் தெரிந்துவிடக்கூடும். முதலாளிகளே, உங்களை ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: கம்ப்யூட்டரில் மென்பொருள் நிறுவ அனுமதிக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை ஆபீஸில் எல்லோருக்கும் கொடுத்து வைக்காதீர்கள், மானிட்டர் ஓரத்தில் சீட்டில் எழுதி ஒட்டியும் வைக்காதீர்கள்.