எச்சில் பந்து எப்படி விழுகிறது: 1908-இன் ஒரு ரன் ஆட்டம்

1908 அக்டோபர் 2. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகர லீக் பார்க்கில் 10,598 பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் கிளீவ்லேண்ட் நேப்ஸ் அணி சிகாகோ ஒயிட் சாக்ஸை 1–0 என்று வென்றது. நேப்ஸ் பிட்சர் (பேட்டருக்குப் பந்தை எறிபவர்) ஆடி ஜாஸ் எதிரணியின் 27 பேட்டர்களையும் வந்த வரிசையிலேயே அவுட்டாக்கினார். ரன் எடுக்க, பேட்டர் மூன்று பேஸ்களையும் சுற்றி, தான் நின்று அடித்த ஹோம் பிளேட்டுக்கே திரும்பவேண்டும். ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. தோற்ற அணியின் எட் வால்ஷும் லேசுப்பட்டவரல்ல: 15 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), கொடுத்தது நாலே ஹிட் (பேட்டர் பந்தை அடித்துப் பேஸை எட்டுவது). பேஸ்பால் வரலாறு ஜாஸைக் கொண்டாடுகிறது, அது நியாயம்தான். ஆனால் ஒரு பந்து காற்றில் என்னவெல்லாம் செய்யும் என்று புரிந்துகொள்ள வால்ஷைத்தான் பார்க்கவேண்டும். அவருடைய ஆயுதம் ஸ்பிட்பால், அதாவது எச்சில் பந்து.

முதலில் சாதாரண வேகப்பந்து. பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து ஹோம் பிளேட் 18.44 மீட்டர். மணிக்கு 145 கி.மீ. வேகத்தில் எறிந்த பந்து அங்கே போய்ச் சேர ஏறத்தாழ 0.42 நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு மட்டும் அதை 85 செ.மீ. கீழே இழுத்துவிடும். ஆனால் பந்து அவ்வளவு இறங்குவதில்லை. கையைவிட்டுப் போகும் கடைசிக் கணத்தில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலைப் பின்னுக்கு இழுத்துவிடுவதால், அது பின்னோக்கிச் சுழன்றபடி பறக்கிறது. பிளேட்டை எட்டுவதற்குள் பதினைந்து சுற்றுகூடச் சுற்றும். சுழலும் பரப்பு காற்றைத் தன் பின்புறமாகக் கீழே தள்ள, அதன் எதிர்விசை பந்தை மேலே தூக்குகிறது. இதுதான் மேக்னஸ் விளைவு. இந்தத் தூக்கு சுமார் 40 செ.மீ. இறக்கத்தைக் குறைத்துவிடும். பேட்டரின் கண்ணும் கையும் பழகியிருப்பது இப்படித் தூக்கி நிறுத்தப்பட்ட பந்துக்குத்தான்.

எச்சில் பந்து அந்தத் தூக்கைப் பறித்துவிடுகிறது. வால்ஷ் இரண்டு தையல்களுக்கு நடுவே ஓர் அங்குலச் சதுர அளவுக்கு மட்டும் நனைப்பார். அந்த வழுக்கலான இடத்தில் விரல்கள். எதிர்ப்பக்கத் தையலில் கட்டைவிரல், உலர்ந்த பிடி. கையை நேரே தலைக்கு மேலிருந்து முழு வேகத்தில் வீசும்போது, நனைந்த மாங்கொட்டை விரலிடுக்கிலிருந்து பிதுங்குவதுபோலப் பந்து நழுவி ஓடும். வேகம் பெரிதாகக் குறையாது, சுழற்சி மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும். தாங்கிப்பிடிக்க ஆளில்லாத பந்து, பேட்டர் எதிர்பார்த்ததைவிட ஒரு சாண், ஒன்றரைச் சாண் கீழே இறங்குகிறது. பேட்டின் தடித்த பகுதியே 7 செ.மீ.தான். எனவே வீச்சு காற்றில் போகும், அல்லது பந்தின் உச்சியில் பட்டுத் தரையில் உருளும். சுழற்சி குறைந்த பந்தில் தையல் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கக் காற்றோட்டம் கலைந்து, பக்கவாட்டிலும் பந்து ஆடும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: அங்கே எச்சில் ஒரு பக்கத்தை மெருகேற்ற உதவியது, இங்கே அதன் வேலை வழுக்கல்.

தவறுவதும் இதே வழுக்கலால்தான். ஈரம் அதிகமானால் பந்து முன்கூட்டியே நழுவி உயரே பறக்கும். கட்டைவிரலில் ஈரம் பட்டால் குறியே போச்சு. அந்த ஈரப் பந்தை எடுத்து எறியும் ஃபீல்டருக்கும் கை வழுக்கும்.

அன்றைய பந்தும் பேட்டருக்கு எதிராகவே இருந்தது. நடுவில் ரப்பர், மேலே இறுகச் சுற்றிய நூல், அதற்கு மேல் குதிரைத்தோல். கார்க் நடுவம் பரவலாக வந்தது 1911-இல்தான். ஒரே பந்தை இயன்றவரை ஆட்டம் முழுக்கப் பயன்படுத்துவார்கள். அடிபட அடிபட அது துள்ளலை இழக்கும். மண்ணும் புகையிலைச் சாறும் ஏறிக் கறுக்கும். மின்விளக்கு இல்லாத மாலை ஆட்டத்தில் கறுத்த பந்தைக் கண்டுபிடிப்பதே பாடு. 1908-இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்தது சராசரியாக 3.38 ரன். 1920-இல் எச்சில் பந்து தடைசெய்யப்பட்டது, ஏற்கெனவே அதை நம்பியிருந்த சில பிட்சர்களுக்கு மட்டும் விலக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் தலையில் பந்து பட்டு ரே சாப்மன் என்ற வீரர் இறந்தபின், அழுக்கான பந்தை உடனுக்குடன் மாற்றும் வழக்கமும் உறுதியானது. 1921-இல் அந்தச் சராசரி 4.85.

அன்று விழுந்த அந்த ஒரே ரன்னுக்கு வருவோம். மூன்றாவது இன்னிங்ஸில் ஜோ பர்மிங்ஹாம் ஒரு ஹிட் அடித்து முதல் பேஸுக்கு வந்தார். இரண்டாவதை நோக்கி ஓடியபோது அவரை மடக்க எறிந்த பந்து அவர் மேலேயே பட்டு விலகியது. அவர் மூன்றாவதற்கே போய்விட்டார். பிறகு வால்ஷ் எறிந்த ஒரு பந்து, பேட்டருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சர் ஆஸி ஷ்ரெக்கன்காஸ்டின் கைக்கு அடங்காமல் போக, பர்மிங்ஹாம் ஓடி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டார். பேட்டருக்குக் கடைசி நொடியில் இறங்கும் பந்து கேட்சருக்கும் அப்படித்தானே இறங்கும்? ஷ்ரெக்கன்காஸ்ட் அன்று வால்ஷின் பந்தில் கை அடிபட்டு ஆட்டத்தை முடிக்காமலே வெளியேறினார். உயர்மட்டப் போட்டியான மேஜர் லீக்கில் அதுவே அவருடைய கடைசி ஆட்டம்.