ஸ்டெப்னிய "உதிரி சக்கரம்"னு எழுதறத எப்ப நிறுத்துவீங்க?

"உதிரி சக்கரத்தை வாகனத்தின் பின்புறப் பெட்டியிலிருந்து அகற்றவும்." புது காரோட குடுத்த தமிழ் கையேட்டுல இருக்கற வரி இது. இதே உதிரி சக்கரத்த இன்ஷூரன்ஸ் படிவத்துல பாத்தாச்சு, பழைய கார் விக்கிற ஆப்ல "உதிரி டயர்: உள்ளது"ன்னு பாத்தாச்சு, டயர் எப்படி மாத்தறதுன்னு வீடியோ போடறவர் கூட வாய் நிறைய ஸ்டெப்னி ஸ்டெப்னின்னு பேசிட்டு கீழ எழுத்துல மட்டும் உதிரி சக்கரம்னு போடறார். போதும்பா. இன்னிக்கு இத எழுதிடறேன்.

மொதல்ல ஸ்டெப்னி எங்கேருந்து வந்துச்சுன்னு சட்டுனு சொல்லிடறேன், ஏன்னா சண்டை அங்க இல்ல. நிறைய பேர் லண்டன்ல இருக்கற ஸ்டெப்னிங்கற ஏரியான்னு நெனச்சிட்டு இருக்காங்க. அது இல்ல. வேல்ஸ் நாட்டுல லனெல்லின்னு ஒரு ஊர், அங்க ஸ்டெப்னி தெரு. அந்தத் தெருவுல இரும்புச் சாமான் யாவாரம் பண்ணிட்டிருந்த டேவிஸ் அண்ணன் தம்பி ரெண்டு பேர் 1904ல ஒரு சக்கரம் கண்டுபிடிச்சாங்க, தெரு பேரையே அதுக்கு வச்சாங்க. அப்பல்லாம் காரோட வீல கழட்டி மாத்தற வசதி கிடையாது, பஞ்சர் ஆனா நடு ரோட்ல குந்தி டயர நெம்பி எடுத்து டியூப ஒட்டி காத்தடிச்சு திரும்ப மாட்டணும். டேவிஸ் சகோதரர்கள் பண்ணது ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதுல காத்தடிச்ச டயர், பஞ்சரான சக்கரத்து பக்கத்துலயே கிளாம்ப் போட்டு இறுக்கிட்டு வீடு போய்ச் சேரலாம். வெள்ளக்காரன் ஆண்ட ஊருக்கெல்லாம் அந்தப் பேரும் சேந்து வந்துச்சு. அப்புறம் கழட்டி மாட்டற வீல் வந்ததும் சாமான் செத்துப்போச்சு, இங்கிலாந்துக்காரனே பேர மறந்துட்டான், நாம மறக்கல. நாமளும் பங்களாதேஷ்காரங்களும் மால்டா தீவுக்காரங்களும் இன்னும் ஸ்டெப்னிதான். பிரேசில்ல எஸ்டெப்பினு சொல்றாங்க, அதுவும் இதோட சொந்தம்தான்.

அவ்ளோதான் வரலாறு. இப்ப உதிரிக்கு வருவோம்.

உதிர்னா என்ன? இலை உதிரும், முடி உதிரும், சுவத்துல காரை உதிரும். ஒண்ணோட ஒட்டிட்டு இருந்தது பிரிஞ்சு விழறதுதான் உதிர்றது. அதுலேருந்து வந்த உதிரி, தொடுக்காம கட்டாம தனித்தனியா கிடக்கறத சொல்ற வார்த்தை. பூ மார்க்கெட்ல போய் உதிரிப்பூ கேட்டா முழம் போட மாட்டான், தராசுல அள்ளிப் போடுவான். பிரியாணிக்கு அரிசி உதிரி உதிரியா இருக்கணும்னு சொல்றோம், அதுக்கு அர்த்தம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டக்கூடாதுன்னுதானே, ரெண்டு படி அரிசிய எக்ஸ்ட்ராவா எடுத்து வைங்கன்னா அர்த்தம்? எந்தச் சங்கத்துலயும் சேராம அங்கங்க கிடைக்கிற வேலைக்குப் போறவங்கள உதிரித் தொழிலாளர்னு சொல்றோம். இதுல எங்கயாச்சும் "அவசரத்துக்கு பத்திரமா எடுத்து வச்சது"ங்கற அர்த்தம் வருதா? ஒரு இடத்துலயும் வராது. சொல்லப்போனா நேர் எதிர். எடுத்து வச்சது முடிஞ்சு வச்சிருக்கும், உதிரி சிதறிக் கிடக்கும்.

அப்ப இது எப்படி காருக்குள்ள ஏறிச்சு? உதிரி பாகம் வழியா. ஸ்பேர் பார்ட்ஸ உதிரி பாகம்னு யாரோ ஒரு புண்ணியவான் எழுதினார், அது தப்பே இல்ல. முழு வண்டியா இல்லாம பிஸ்டன் தனி, பேரிங் தனி, ஹெட்லைட் தனின்னு லூஸா விக்கிற சரக்கு, உதிரிப்பூ மாதிரியேதான். பழைய பத்மினியோ அம்பாசிடரோ எடுத்து ரெஸ்டோர் பண்றவங்கள கேளுங்க, ஒரு டோர் ஹேண்டிலுக்கும் ஒரு டெயில் லைட் கண்ணாடிக்கும் சென்னை புதுப்பேட்டைல கடை கடையா அலைவாங்க, அங்க கொட்டிக் கிடக்கறது நூத்துக்கு நூறு உதிரி. அந்த இடத்துல அந்த வார்த்தை அழகா உக்காருது. ஆனா அடுத்து வந்த மொழிபெயர்ப்பாளர் என்ன பண்ணார்னா, ஓ ஸ்பேர்னா உதிரி போலன்னு மனசுல ஒரு சூத்திரம் எழுதிக்கிட்டு ஸ்பேர் வீலையும் உதிரி சக்கரம் ஆக்கிட்டார், ஸ்பேர் கீய உதிரி சாவின்னார். நாளைக்கு ஸ்பேர் ரூம உதிரி அறைன்னுவார், செவுரு நம்ம தலைல விழுமோன்னு பயந்துக்கிட்டே தூங்கணும். இங்கிலீஷ்காரன் ஒரே வார்த்தைய வச்சு பத்து வேலை பாக்கறான், அது அவன் சௌகரியம். நமக்கு துணின்னா மாத்துத்துணி, சாவின்னா மாத்துச்சாவி, காசுன்னா கையிருப்பு, அரிசின்னா உபரி. ஒவ்வொண்ணுக்கும் தனி வார்த்தை வச்சிருக்கற மொழிக்கு எதுக்குங்க இந்த ஒத்தைக் குச்சி?

உதிரி சக்கரம்னு தமிழ் தெரிஞ்ச யாராவது மொத தடவையா கேட்டா அவங்க மனசுல என்ன வரும்? ஓடற வண்டியிலேருந்து கழண்டு உருண்டு போற சக்கரம். பாதுகாப்பு பத்தி பேசற கையேட்டுல போடற வார்த்தையா இது? சரி தப்பாதான் எழுதறாங்க, உதிரிச் சக்கரம்னு ஒரு ச் ஆவது போட்டுத் தொலைக்கலாம்ல, அதுவும் இல்ல. உதிரி தனியா சக்கரம் தனியா நிக்குது. ஒருவேளை அதுவும் உதிர்ந்துடுச்சு போல.

மாற்றுச் சக்கரம்னு எழுதறவங்க இருக்காங்க, அவங்க மேல எனக்கு இவ்ளோ கோவம் இல்ல. மாத்துத்துணி இருக்கு, மாத்துச்சாவி இருக்கு, அப்ப மாத்துச்சக்கரம் ஏன் கூடாது, நியாயந்தான். ஆனா பாருங்க, இன்னிக்கு மாற்றுன்னு எழுத்துல பாத்தாலே ஆல்டர்நேட்டிவ்ங்கற அர்த்தம்தான் மொதல்ல வருது, மாற்று மருத்துவம், மாற்று எரிபொருள், மாற்று அரசியல்னு. கார்ல வேற கம்பெனி வீல எடுத்துட்டு அலாய் போடறவங்க ஜாஸ்தி, "மாற்றுச் சக்கரம் பொருத்தியிருந்தால் வாரண்டி செல்லாது"ன்னு ஒரு வரி வந்தா அது அலாயா ஸ்டெப்னியா? குழப்பம். இன்னொண்ணு, டேவிஸ் சகோதரர்களோட ஒரிஜினல் ஸ்டெப்னில எதையும் மாத்தவே இல்ல, பஞ்சரான வீல் அங்கயேதான் இருந்துச்சு, பக்கத்துல இது ஒட்டிக்கிச்சு. அது போகட்டும், இப்ப மாத்தறோம்தான். இலங்கைல சக்கரத்துக்கு சில்லுன்னு அருமையா ஒரு சொல் இருக்கு, அத நாம எடுத்துக்காதது நம்ம நஷ்டம், ஆனா முன்னால போடற அடைமொழிக்கு அது வழி சொல்லாது.

வழி சொல்றது புறநானூறு. 102ஆம் பாட்டு, ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினிய பாடினது. உப்பு யாவாரிங்க, அதாவது உமணர், வண்டி கட்டிக்கிட்டு போறாங்க. மாடு இளசு, நுகம் பழகல. வண்டில சரக்கு ஏகப்பட்டது. பள்ளத்துல இறங்கணும், மேட்டுல ஏறணும், போற எடத்துல என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்னு யோசிச்சு வண்டிக்கு அடில, கீழ்மரத்துல, இன்னொரு அச்ச சேத்து கட்டி வச்சிருக்காங்க. அதுக்கு ஔவையார் சொல்ற பேர் சேம அச்சு.

இதுக்கு மேல என்ன வேணும்? ரோட்ல போற வண்டி, அச்சு முறியலாம்ங்கற பயம், அதுக்காக வண்டிக்கு அடிலயே கட்டித் தூக்கிட்டு போற இன்னொண்ணு. இன்னோவால ஸ்டெப்னி எங்க இருக்கு? அதே எடத்துலதான், வண்டிக்கு அடில தொங்குது, ராடு விட்டு சுத்தி இறக்கணும். உமணருக்கும் இன்னோவாக்காரருக்கும் யோசனை ஒண்ணுதான், உமணருக்கு மட்டும் பேர் தெரிஞ்சிருக்கு. ஒரு விஷயம் கவனிங்க, ஔவையார் அந்த அச்சுக்கு உவமையா சொல்றது ஒரு இளவரசன. நீ சேம அச்சு மாதிரிடா, எப்ப கஷ்டம் வந்தாலும் நீ இருக்கேன்னு புகழ்றாங்க. நம்ம ஊர்ல இப்ப ஒரு ஆள ஸ்டெப்னின்னா அடிதடி ஆயிடும்.

அதனால என் கட்சி சேமச் சக்கரம். டயர மட்டும் சொல்லணும்னா சேம டயர். பழசா இருக்கு யாருக்கும் புரியாதுன்னு சொல்லாதீங்க, சேமிப்பு யாருக்குப் புரியாது? பி.எஃப்ப சேமநல நிதின்னு எழுதினாங்க, இலங்கைல இன்னிக்கும் ஊழியர் சேமலாப நிதிதான், ரிசர்வ் போலீஸ சேமக் காவல் படைன்னு எழுதறாங்க. இக்கட்டுக்குன்னு எடுத்து வச்சதுங்கற அர்த்தத்துல அந்தச் சொல் இன்னும் உசுரோடதான் இருக்கு.

உடனே தனித்தமிழ் அன்பர் ஒருத்தர் வருவார், சேமம் க்ஷேமத்துலேருந்து வந்த வடசொல்லாச்சேன்னு. சரிங்க ஐயா, அப்ப சக்கரமும்தான் வடசொல், அத மட்டும் ஏன் விட்டு வச்சீங்க? "கடலோடா கால்வல் நெடுந்தேர்"னு குறள்ல தேர்ச்சக்கரத்துக்கு கால்னு வருது, அந்த வழில போய் கையிருப்புக் கால்னு எழுதுங்க, எலும்பு டாக்டர் கிளினிக்ல போர்டா மாட்டிக்கலாம். சங்கப் புலவருக்கு ஆகி வந்த சொல் எனக்கும் ஆகும். எனக்கு சுத்தத்த விட புரியறது முக்கியம், உதிரி சுத்தமான தமிழ்தான், ஆனா பொய் சொல்லுது.

பேச்சுல ஸ்டெப்னியே இருக்கட்டும், அத யாரும் தொட வேணாம். பஞ்சர் கடைல போய் சேமச் சக்கரத்துக்கு காத்தடிங்கன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க. ஆனா காத்தடிக்கச் சொல்லுங்க, நாலு டயருக்கும் அடிச்சுட்டு அத மட்டும் விட்டுடறோம், அவசரத்துக்கு எடுத்தா சப்பையா இருக்கும். பழைய வண்டி வாங்கப் போறவங்க டிக்கிய தொறந்து ஸ்டெப்னி பக்கவாட்டுல அந்த நாலு நம்பரையும் பாருங்க, 2319னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம், வண்டி வயசோட ஒத்துப்போகுதான்னு தெரிஞ்சுடும்.

எழுத்துல தமிழ்ப்படுத்தறவங்கதான் என் தலைவலி. பிரேக்டவுனுக்கு "வாகன முறிவு உதவி"ன்னு எழுதறாங்க, எது முறிஞ்சுது, அச்சா, கல்யாணமா? வண்டி பழுதாகி நின்னுடுச்சு, அவ்ளோதானே, பழுது உதவின்னு எழுதினா என்ன கொறஞ்சுடும்? டிக்கிய பின்புறப் பெட்டின்னு எழுதறாங்க, படிக்கிறவர் டூல் பாக்ஸ தேடறார். இவங்கள்ல முக்கால்வாசி பேர் வாழ்க்கைல ஒரு வீல் நட்ட கழட்டினவங்க இல்லன்னு எழுத்துலயே தெரியுது. வரிய எழுதிட்டு ஒரு டிரைவர்கிட்ட படிச்சுக் காட்டலாம், காசா பணமா?

இப்ப ஸ்டெப்னிக்கே ஆபத்து வந்துடுச்சுங்கறது வேற கதை. 2020ல மத்திய மோட்டார் வாகன விதிய திருத்தி, சில வண்டிங்கள்ல ஸ்டெப்னி இல்லாமயே விக்கலாம்னு சொல்லிட்டாங்க, அதுக்கு பதிலா பஞ்சர் கிட் குடுக்கணும். வேற சில கார்ல மத்த நாலு வீல விட ஒல்லியா ஒரு சின்ன சக்கரம் வருது, அது மேல 80னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான், அதுக்கு மேல ஓட்டக்கூடாது. இதையும் யாராவது "தற்காலிக சிறிய உதிரி சக்கரம்"னு எழுதறதுக்குள்ள நானே எழுதி வச்சிடறேன்: "இது குறுஞ்சேமச் சக்கரம். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். பஞ்சரான டயரைச் சரிசெய்ததும் இதைக் கழற்றிவிடவும்." குறுஞ்சேமம் கொஞ்சம் நாக்குல இடறும், சின்ன சேமச் சக்கரம்னே போட்டுக்கலாம், அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல.