எந்த முகாம், எந்த வருஷம், என்ன குற்றம்?

விடைத்தாள் கட்டில் பதினோராவது தாள். “ஹிட்லரின் முகாம்களிலிருந்து மீண்ட அரசியல் கைதிகள் ஒற்றுமையாகப் புதிய ஐரோப்பாவைக் கட்டியெழுப்பினர்.” மூன்றாவது தாளிலும் ஏழாவது தாளிலும் இதே வரி, இதே ஒற்றுப்பிழையோடு. ஏதோ ஒரு கைடு புண்ணியம். பிள்ளைகளை விடுங்கள். போட்டித் தேர்வுக்குப் பாடம் எடுக்கிற ஒருவரே இதை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பி “நல்ல பாயிண்ட் மேடம்” என்கிறார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அடிப்படைக் குழப்பம். முகாம் என்றாலே யூதர், யூதர் என்றாலே ஆஷ்விட்ஸ் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். மியூனிக் பக்கத்தில் டாஹாவ் முகாம் திறந்தது 1933 மார்ச் 22. ஹிட்லர் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முதலில் உள்ளே போனவர்கள் கம்யூனிஸ்டுகள். பின்னாலேயே சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்களும் தொழிற்சங்கத் தலைவர்களும். மக்களைக் கொல்வதற்கென்றே அமைத்த இடங்கள் போலந்தில் இயங்கத் தொடங்கியது 1941 கடைசியில்தான். யூதரை யூதராகப் பிறந்ததற்காகக் கொன்றார்கள். அரசியல் கைதியை அவர் கொள்கைக்காகவும் செய்கைக்காகவும் அடைத்தார்கள். இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் இருவருக்குமே அநியாயம்.

அரசியல் கைதியின் மார்பில், எண்ணுக்குப் பக்கத்தில், முனை கீழே பார்க்கிற சிவப்பு முக்கோணத் துணி. போலந்துக்காரர் என்றால் அதில் ‘பி’, பிரெஞ்சுக்காரர் என்றால் ‘எஃப்’. துணி ஒரே நிறம்தான், போட்டிருந்தவர்கள் ஒரே ரகமில்லை. வெளியே ஒருவரையொருவர் துப்பாக்கியால் சுட்டுக்கொண்ட கட்சிக்காரர்களும் அதே துணியோடுதான் வரிசையில் நின்றார்கள்.

அந்த ‘ஒற்றுமை’க்கு நியாயமான உதாரணம் ஆஸ்திரியா. 1934இல் அங்கே கத்தோலிக்க வலதுசாரி அரசும் சோஷலிஸ்டுகளும் தெருச்சண்டை போட்டார்கள். 1938 ஏப்ரல் 1 அன்று வியன்னாவிலிருந்து டாஹாவுக்குப் புறப்பட்ட ரயிலில் இரு தரப்பு ஆட்களையும் நாஜிகள் சேர்த்தே ஏற்றினார்கள். அதில் போன கத்தோலிக்கத் தரப்பின் லியோபோல்ட் ஃபிகல் 1945இல் நாட்டின் சான்சலர், அதாவது அரசின் தலைவர் ஆனார். பழைய பகையாளிகள் 1966 வரை கூட்டணி ஆட்சி நடத்தினார்கள். ‘முகாம் தெருவின் உணர்வு’ என்று இதற்கு அங்கே பெயரே உண்டு. பழைய நாஜிகளுக்கு ஓட்டுரிமை திரும்பியதும் இதே இரண்டு கட்சிகளும் அந்த ஓட்டுக்கு வலைவீசின. அதைக் கைடு சொல்லாது.

ஜெர்மனிக்கு வாருங்கள். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் குர்ட் ஷூமாகர், ஏறக்குறைய பத்து வருஷம் முகாம்களில் கிடந்தவர். 1946இல் ஜெர்மனியில் சோவியத் படை பிடித்து வைத்திருந்த பகுதியில் சமூக ஜனநாயகக் கட்சியைக் கம்யூனிஸ்ட் கட்சியோடு இணைத்தபோது கடைசிவரை எதிர்த்தார். எதிர்ப்பக்கம் இருந்த கம்யூனிஸ்டுகளிலும் முகாமில் அடிபட்டவர்கள் ஏராளம். கூட அடைபட்டதாலேயே கூட்டாளி ஆகிவிடவில்லை.

அந்த எதிர்ப்பக்கத்தில் ஒருவர் எர்ன்ஸ்ட் பூஸ்ஸே. ஜெர்மனியில் இருந்த புக்கன்வால்ட் நாஜி முகாமின் மருத்துவப் பிரிவில் கைதிகளுக்கு மேல் நியமிக்கப்பட்ட கைதி, அதாவது கப்போ. போர் முடிந்ததும் துரிங்கியா மாநிலத்தின் உள்துறை அமைச்சர். 1950இல் சோவியத்துகள் அவரைக் கைது செய்தார்கள். 1952இல் வோர்குட்டா என்ற சோவியத் முகாமில் செத்தார். குற்றச்சாட்டு? புக்கன்வால்டில் வகித்த அதே பொறுப்பு.

1952 டிசம்பர், செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராக். புக்கன்வால்டில் ஆறு வருஷம் இருந்த யோசஃப் ஃபிராங்க்கை அவருடைய சொந்தக் கம்யூனிஸ்ட் கட்சியே தூக்கில் போட்டது. அப்போது பிரதமர் அந்தோனின் சாபோடோட்ஸ்கி. அவரும் நாஜிகளின் சாக்சன்ஹவுசன் முகாமில் இருந்தவர். கயிற்றுக்கு இந்தப் பக்கமும் முகாம் கைதி, அந்தப் பக்கமும் முகாம் கைதி. இதில் ‘ஒற்றுமையாக’ என்ற சொல்லை எங்கே செருகுவீர்கள்?

எழுதுகிறவர்களுக்கும் ஃபார்வேர்டு செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிறையையும் முகாமையும் கலக்காதீர்கள். கிழக்கு ஜெர்மனியை ஆண்ட ஹோனேக்கர் இருந்தது பிராண்டன்புர்க் சிறையில். ‘வதைமுகாம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் இடத்தின் பெயரைப் போடுங்கள். உள்ளே போன வருஷம், போன காரணம், உள்ளே பார்த்த வேலை, வெளியே வந்து சேர்ந்த கட்சி, இந்த நாலும் கையில் இல்லாமல் ‘தியாகி’ என்றோ ‘துரோகி’ என்றோ தீர்ப்பு எழுதாதீர்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு: கைடை மூடிவிட்டு ஃபிகல், பூஸ்ஸே என்று இரண்டு பெயரை மட்டும் எழுதி, இருவருக்கும் பிறகு என்ன ஆனது என்று இரண்டு வரி சேருங்கள். ஒற்றுப்பிழை இருந்தாலும் மார்க் போடுகிறேன்.