ரேடார் படம் வெறுமையாக இருந்தால் அயனி மண்டலம் அமைதியாக இருக்கிறது என்று பொருளல்ல

நள்ளிரவுக்குப் பிறகு ஜி.பி.எஸ். ரிசீவர் தடுமாறுகிறது என்று நில அளவைக் குழு ஒன்று அண்மையில் பதிவுகளோடு வந்திருந்தது. அந்த இரவில் அயனி மண்டலத்தை, அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டலத்தை, நோக்கிய ரேடாரின் படத்தையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். பன்னிரண்டரை மணிக்கு மேல் அதில் எதிரொலியே இல்லாததால் வானத்தில் குறையில்லை என்று தீர்மானித்து, முதலில் கேபிளையும் பிறகு ஆன்டெனாவையும் மாற்றி, கடைசியில் ரிசீவரையே மாற்றிவிட்டார்கள். கழற்றி வைத்த பழைய ரிசீவரைச் சோதித்துப் பார்த்தேன். அதில் எந்தப் பழுதும் இல்லை. இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர்கள் நான்காவது குழு.

ரேடார் படம் வானத்தை எடுத்த புகைப்படம் அல்ல. பெருவின் ஹிக்காமார்க்கா ரேடார் ஏறத்தாழ 50 மெகாஹெர்ட்ஸிலும், ஆந்திரத்தின் கடங்கி ரேடார் 53 மெகாஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. இவற்றின் அலைநீளம் சுமார் 6 மீட்டர். அலையைத் திருப்பி அனுப்புபவை அதில் பாதி, அதாவது சுமார் 3 மீட்டர் அளவுள்ள பிளாஸ்மா ஒழுங்கின்மைகள் (மின்னூட்டத் துகள்களின் அடர்த்தியில் வரும் ஏற்ற இறக்கங்கள்) மட்டுமே. அவையும் ரேடார் கற்றை புவியின் காந்தப்புலக் கோட்டைச் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் இருக்க வேண்டும். கடங்கியில் கற்றையை வடக்கே சாய்த்து வைப்பது இதற்காகத்தான். ஜி.பி.எஸ். சிக்னலை மினுமினுக்க வைக்கும், அதாவது அதன் வலிமையை வேகமாக ஏறி இறங்கச் செய்யும், ஒழுங்கின்மைகளோ சில நூறு மீட்டர் அளவுள்ளவை. சூரியன் மறைந்தபின் அயனி மண்டலத்தின் மேலடுக்கான எஃப் அடுக்கின் அடிப்பகுதியிலிருந்து, அடர்த்தி குறைந்த பிளாஸ்மா குமிழிகள் கிளம்பும்போது இரு வகையும் சேர்ந்தே இருக்கும். ஆனால் குமிழி வலுவிழந்ததும் 3 மீட்டர் அளவுள்ளவை விரைவில் கரைந்துவிட, பெரியவை மணிக்கணக்கில் நீடிக்கின்றன. எனவே நள்ளிரவுக்குப் பின் படம் இருண்டு கிடந்தால், அந்தக் கற்றையில் அந்நேரம் 3 மீட்டர் ஒழுங்கின்மை இல்லை என்பது மட்டுமே உறுதி. நூறு மீட்டர் அளவில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. எத்தனை முறை சொன்னாலும் இந்த ஒன்று மட்டும் மனத்தில் தங்குவதில்லை.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஹிக்காமார்க்கா ரேடார் படங்களில் ஆய்வாளர்கள் வுட்மேனும் லா ஹோஸும் 1976இல் விவரித்த புகைக்கொடி வடிவங்களை, ஒரே இடத்தில் நேரந்தோறும் வளர்ந்த உருவமாகப் படிக்காதீர்கள். குமிழிகள் நொடிக்கு நூறு மீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்ந்தால், கற்றை அசையாமல் நிற்க, ஒரு மணி நேரப் பதிவில் 360 கிலோமீட்டர் அகல வானம் கடந்து போயிருக்கும்.

சூரியப் புயல் இல்லாத நாளில் இந்தக் குமிழிகளும் மினுமினுப்பும் எப்படி வரும் என்று கேட்பவர்களும் உண்டு. தாராளமாக வரும். இது நிலநடுக்கோட்டு அயனி மண்டலத்தின் அன்றாட மாலை நிகழ்வு. புவிக்காந்தம் முற்றிலும் அமைதியாக உள்ள நாள்களிலும் நிகழும். புயல் சில நாள்களில் இதைத் தூண்டும், சில நாள்களில் அடக்கியும் விடும்.

காந்த நடுக்கோட்டை (புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் கோடு) ஒட்டிய பகுதிகளில், குறிப்பாகச் சூரியச் செயல்பாடு உச்சத்தில் உள்ள ஆண்டுகளில், துல்லிய அளவைகளைச் சூரியன் மறைவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இந்தியத் தீர்க்கரேகையில் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். இரட்டை அதிர்வெண் ரிசீவர் இருக்கிறது என்று அலட்சியமாக இருக்காதீர்கள். அயனி மண்டலத்தால் ஏற்படும் தாமதத்தை அது நீக்கும், மினுமினுப்பால் சிக்னலே அறுந்துபோனால் நீக்குவதற்கு அங்கே எதுவும் மிஞ்சாது.

கருவியைக் கழற்றுவதற்கு முன், தயவுசெய்து ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னல் வலிமையையும் தனித்தனியே வரைந்து பாருங்கள். கேபிளோ ஆன்டெனாவோ பழுதானால் எல்லாச் செயற்கைக்கோள்களும் ஒரே நொடியில் சேர்ந்து சரியும். குமிழி என்றால் வானின் ஒரு பகுதியில் உள்ளவை மட்டும் துடிக்கும். அந்தப் பகுதி மேற்கிலிருந்து கிழக்காக மெல்ல நகர்வதும் அந்த வரைபடத்திலேயே தெரியும்.