புது டிரெய்லர் வாங்கினவங்க முதல் ட்ரிப் கிளம்புறதுக்கு முன்னாடி படிக்க வேண்டியது

கனடால, ஒன்டாரியோல டிரெய்லர் சர்வீஸ் பண்றதுதான் என் பொழப்பு, அதாவது கார் பின்னாடி மாட்டி கேம்பிங்குக்கு இழுத்துட்டுப் போற, உள்ளயே தங்கற வீடு மாதிரி டிரெய்லர். மே மாசம் விக்டோரியா டே லாங் வீக்கெண்ட் நெருங்கினா எங்க ஷாப்புல கால் வைக்க இடம் இருக்காது. இப்பல்லாம் ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கமிருந்து நம்ம தமிழ் குடும்பங்களும் நிறைய வர்றாங்க, சந்தோஷம்தான். ஆனா வாங்கின கையோட கேக்குறது எல்லாம் சோலார் போடலாமா, டிவி எங்க மாட்டலாம், உள்ள வைஃபை வருமா, இதுதான். எடையப் பத்தி ஒருத்தர் கூட வாயத் திறக்குறதில்ல, அதனால நான் அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

"உங்க எஸ்.யூ.வி 5,000 பவுண்டு இழுக்கும் சார், கவலையே படாதீங்க"ன்னு விக்கிறவர் சொல்லுவாரு. இழுக்கும், யாரு இல்லன்னா? இழுக்குறது ஒரு விஷயமே இல்ல, முதுகுல ஏறுற பாரத்த வண்டி தாங்குமா, நிறுத்துனா நிக்குமாங்கறதுதான் கேள்வி. டிரைவர் கதவத் திறந்தா டயர் பிரஷர் போட்ட ஸ்டிக்கர் ஒண்ணு தெரியும், ஆளும் சாமானும் சேத்து இவ்வளவுக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு அதுல ஒரு நம்பர் இருக்கும், அதுதான் பேலோட். இப்ப அது 1,400 பவுண்டுன்னு வச்சுக்கோங்க. டிரெய்லர் சாமானோட 5,000 பவுண்டு இருந்தா அதுல 10லேர்ந்து 15 சதவீதம் ஹிட்ச் மேல, அதாவது வண்டி பின்னாடி டிரெய்லர மாட்டுற இடத்து மேல, உக்காரணும், இத டங் வெயிட்னு சொல்லுவோம், 12 சதவீதம்னு போட்டா 600 பவுண்டு போச்சு. மிச்சம் 800. நீங்க, மனைவி, ஊர்லேர்ந்து வந்திருக்குற அப்பா அம்மா, ரெண்டு பசங்க, அந்த 800ம் காலி. அப்புறம் டிக்கில ஏத்துற கூலரு, மடக்கு சேரு, அரிசி மூட்டை, பிரியாணி தேக்சா எல்லாம் எந்தக் கணக்குல வரும்?

பிரோஷர்ல போட்டிருக்குற டிரை வெயிட்டையும் நம்பாதீங்க. அதுல உங்க சாமான் கிடையாது, தண்ணி கிடையாது, பல கம்பெனி பேட்டரியக் கூட சேக்குறதில்ல. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, 150 லிட்டர் டேங்க்க வீட்லயே ரொப்பிட்டுக் கிளம்புனா 330 பவுண்டு சும்மா இழுத்துட்டுப் போறீங்க. பெரிய டிரக் ஸ்டாப்புல லாரிங்க எடை போடுற CAT ஸ்கேல்ங்கற எடை மேடை இருக்கும், எல்லாம் ஏத்தினதுக்கு அப்புறம் ஒரு தடவ அதுல ஏத்திப் பாத்துடுங்க, செலவு ஒண்ணும் பெருசில்ல.

டங் வெயிட் கொறஞ்சாலும் ஆபத்துதான். கனமான சாமானெல்லாம் பின்பக்கம் அடுக்கி, அதுக்கும் பின்னாடி சைக்கிள் ராக் வேற மாட்டினா முன்பக்கம் லேசாயிடும், 401 ஹைவேல ஒரு பெரிய லாரி பக்கத்துல கடந்து போற காத்துக்கே டிரெய்லர் வால ஆட்ட ஆரம்பிச்சிடும். அந்த நேரத்துல கால் தன்னால பிரேக்குக்குத்தான் போகும், போக விடாதீங்க. ஸ்டியரிங்க நேரா பிடிச்சுக்கிட்டு, ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்துட்டு, டிரைவர் கைக்கிட்ட மாட்டியிருக்குற டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர்ல இருக்குற லீவர கையால மெதுவா அழுத்துங்க, அது டிரெய்லர் பிரேக்க மட்டும் பிடிச்சு பின்பக்கத்த நேராக்கும். அதனால அந்த லீவர் எங்க இருக்குன்னு பாக்காமலே கை போற இடத்துல இருக்கணும், காலி பார்க்கிங் லாட்டுல ரெண்டு ரவுண்டு அடிச்சுப் பழகிக்கோங்க. ஒன்டாரியோல 1,360 கிலோவோ அதுக்கு மேலயோ இருந்தா டிரெய்லருக்குத் தனியா பிரேக் இருக்கணும்னு சட்டமே இருக்கு. ஓடுற டிரெய்லருக்குள்ள ஆள் உக்காரவும் கூடாது, பாட்டி கொஞ்சம் படுத்துக்கட்டும்னு உள்ள விட்டுட்டு வர்ற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஹிட்ச் மாட்டறது ரெண்டு நிமிஷ வேலைதான், ஆனா ஹிட்ச் பால் சைஸ் பாருங்க, அதாவது வண்டி ஹிட்ச்ல இருக்குற இரும்பு உருண்டை. 2 இன்ச்சும் இருக்கு, 2 5/16 இன்ச்சும் இருக்கு, பெரிய கப்ளர (அந்த உருண்டையக் கவ்வுற டிரெய்லர் முனை) சின்ன பால் மேல வச்சா உக்காந்த மாதிரிதான் தெரியும், ஒரு பள்ளத்துல குதிச்சா கழண்டுடும். லாட்ச் பூட்டினதும் டிரெய்லர் ஜாக்க கொஞ்சம் மேல ஏத்துங்க, உங்க வண்டியோட பின்பக்கமும் சேந்து தூக்குனாத்தான் சரியா மாட்டியிருக்குன்னு அர்த்தம். செயின் ரெண்டையும் கப்ளருக்கு அடில குறுக்க போடுங்க. பிரேக்அவே கேபிள செயின்ல மாட்டாதீங்க, வண்டில தனியா மாட்டணும். டிரெய்லர் கழண்டு போனா அந்த கேபிள் டிரெய்லர்ல இருக்குற ஒரு சின்ன பின்ன உருவி பிரேக்கப் போடும், அதுக்கு கரண்ட் டிரெய்லர் பேட்டரிலேர்ந்துதான் வரணும், பேட்டரி செத்துக் கிடந்தா அந்த கேபிள் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

டயர்ல பட்டன் நல்லா இருக்கேன்னு ஏமாறாதீங்க. டிரெய்லர் டயர் தேயறத விட வயசாகித்தான் வெடிக்கும். டயர் பக்கவாட்டுல DOTன்னு ஆரம்பிக்கற நம்பரோட கடைசி நாலு எண்ணப் பாருங்க, 2319ன்னு இருந்தா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது, அஞ்சாறு வருஷம் தாண்டினா மாத்திடறது நல்லது. புது டிரெய்லர்னா முதல் 10, 25, 50 மைல்ல நிறுத்தி வீல் நட்ட டார்க் ரெஞ்ச் வச்சு திரும்ப இறுக்கணும். இத யாருமே செய்யறதில்ல.

அடுத்தது கரண்ட். இதுல ஒரே மாதிரி கேஸ் திரும்பத் திரும்ப வருது. டிரைவ்வேல நிறுத்தற டிரெய்லருக்கு 30 ஆம்ப் அவுட்லெட் போடணும்னு எலக்ட்ரீஷியனக் கூப்புடுவாங்க, அவரு மூணு பின் பெரிய பிளக்கப் பாத்ததும் துணி டிரையர் மாதிரின்னு நெனச்சு 240 வோல்ட் குடுத்துடுவாரு. டிரெய்லரோட 30 ஆம்ப் அவுட்லெட் 120 வோல்ட்தான். செருகின உடனே கன்வர்ட்டர் (பேட்டரி கரண்டுக்கு மாத்துற பெட்டி), மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ் போர்டு எல்லாம் ஒண்ணா கருகிடும், உள்ள வந்து பேனலத் திறந்தா அந்த வாடையே சொல்லிடும். வேலை முடிஞ்சதும் எதையும் செருகறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வச்சு 120 காட்டுதான்னு பாருங்க, கேம்ப்கிரவுண்டுக்குப் போனா நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒண்ணு மாட்டிக்கோங்க. 30 ஆம்ப்னா மொத்தமே 3,600 வாட்தான், ஏசி ஓடும்போது ரைஸ் குக்கரையும் மைக்ரோவேவையும் சேத்துப் போட்டா பிரேக்கர் விழத்தான் செய்யும், அது ரிப்பேர் இல்ல.

கார்பன் மோனாக்சைடு அலாரம், புரொப்பேன் அலாரம் ரெண்டுக்கும் பின்னாடி எக்ஸ்பைரி டேட் இருக்கு, பழைய டிரெய்லர்னா கட்டாயம் பாருங்க. குளிருதுன்னு அடுப்பப் பத்தவச்சுட்டு உள்ள தூங்காதீங்க.

நான் பாத்த வரைக்கும் டிரெய்லரக் கொல்றது ரோடு இல்ல, கூரைல இறங்குற தண்ணி. வென்ட், ஏசி, ஆன்டனா சுத்தி தண்ணி இறங்காம பூசின சீலன்ட் வெயில்லயும் பனிலயும் வெடிக்கும், அந்த முடி மாதிரி விரிசல்ல இறங்குன தண்ணி சுவத்துக்குள்ள போயி மரத்த ஊறவச்சு, வெளிய தெரியறதுக்குள்ள ரெண்டு வருஷம் ஓடிடும். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஏணி போட்டுப் பாருங்க, உள்ள மூலைங்கள்ல கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, மெத்துன்னு அமுங்குனா தண்ணி ஏற்கனவே உள்ள இருக்கு. ஹார்டுவேர் கடைல வாங்குன சிலிக்கான தயவுசெஞ்சு பூசாதீங்க, அது மேல அப்புறம் எந்த சீலன்ட்டும் ஒட்டாது, நாங்க உக்காந்து சுரண்டி எடுக்கற கூலி உங்க பில்லுலதான் வரும். ரப்பர் கூரைக்குன்னே செல்ஃப் லெவலிங் லேப் சீலன்ட் இருக்கு, அதையே வாங்குங்க.

டாய்லெட் கழிவு சேர்ற பிளாக் டேங்க் வால்வ எப்பவும் மூடியே வைங்க. திறந்து வச்சா தண்ணி மட்டும் ஓடி, மத்தது மலையா காஞ்சு நிக்கும். முக்கால்வாசி ரொம்பினதும் பிளாக்க முதல்ல விட்டு, அப்புறம் சிங்க், ஷவர் தண்ணி சேர்ற கிரே டேங்க்க விட்டா ஹோஸும் கழுவிடும். சாம்பார் மிச்சத்தையும் பொரிச்ச எண்ணெயையும் சிங்க்ல கொட்டாதீங்க, கிரே டேங்க் நாத்தம் ஜூலை வெயில்ல தாங்காது.

அக்டோபர் தேங்ஸ்கிவிங் தாண்டினா எந்த ராத்திரி வேணாலும் உறையும். சுடுதண்ணி ஹீட்டர் டேங்க்க காலி பண்ணி, அதுக்குள்ள எதுவும் போகாம பைபாஸ்ல போட்டுட்டு, டிரெய்லருக்குன்னே இருக்குற பிங்க் கலர் ஆர்வி ஆன்டிஃபிரீஸ (உறைஞ்சு பைப் வெடிக்காம காப்பாத்துற திரவம்) பைப்புல ஓட விடுங்க, கார் ரேடியேட்டருக்கு ஊத்தறது விஷம், அத இதுல ஊத்தவே கூடாது. வெளிய இருக்குற ஷவர் குழாய நிறைய பேரு மறந்துடறாங்க, ஏப்ரல்ல அதுதான் முதல்ல வெடிச்சு வரும். வசந்தத்துல திரும்ப எடுக்கும்போது ஹீட்டரோட கரண்ட் சுவிட்ச உடனே போட்டுடாதீங்க, காலி டேங்க்ல எலிமெண்ட் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள கருகிடும். பைபாஸ மாத்தி, சுடுதண்ணிக் குழாயத் திறந்து விட்டு, காத்தெல்லாம் போயி தண்ணி சீரா வந்ததுக்கு அப்புறம் போடுங்க.